எழுத மறுக்கும் பிள்ளை என்ன சொல்கிறது?

வாரத்துக்கு 12 மணி நேரம். வார்க்கி அறக்கட்டளை 2018-இல் 29 நாடுகளின் பெற்றோரிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், பிள்ளையின் படிப்புக்கு வீட்டில் உதவ இந்தியப் பெற்றோர் செலவிடுவதாகச் சொன்ன நேரம் இது. எந்த நாட்டிலும் இதைவிட அதிகம் இல்லை. ஃபின்லாந்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், ஜப்பானில் அதற்கும் கீழ். இந்தியத் தாய் தகப்பனின் அக்கறைக்குச் சான்றாகப் பலரும் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டினார்கள். அக்கறை உண்மைதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் படித்த, இணையம் பழகிய நகரத்துக் குடும்பங்கள்.

அந்தக் கணக்கைத் தர்மபுரிக்குக் கொண்டுவந்தால் அது நிற்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம். தமிழ்நாட்டின் மாவட்டங்களில் அதுவே கடைசி இடம். பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு அறுபது பேருக்குச் சற்றுக் குறைவு. இன்றைய இளம் தாய்மார் தங்கள் அம்மாக்களைவிட அதிகம் படித்தவர்கள் என்பது சரி. ஆனால் பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கட்டட வேலைக்குப் போகிற குடும்பங்களில் பிள்ளையோடு ஊரில் தங்குவது பாட்டிதான். கணக்கெடுப்பில் ‘எழுத்தறியாதவர்’ என்ற கட்டத்தில் நிற்கும் அந்தப் பாட்டியின் பொறுப்பில்தான் மாலையில் வீட்டுப்பாட நோட்டு வந்து சேர்கிறது.

பிள்ளை அதைத் திறக்க மறுக்கிறது. சிறிது நேரம் கெஞ்சல், பிறகு அதட்டல், பிறகு முதுகில் ஒன்று, அழுகை, கடைசியில் யாரோ அக்கா எழுதிக் கொடுத்த ஒரு பக்கம். இந்தக் காட்சி தர்மபுரிக்கு மட்டும் உரியதில்லை; சென்னை அடுக்ககத்திலும் சிங்கப்பூரிலும் இதேதான் நடக்கிறது. ஆனாலும் வீட்டுப்பாடம் என்ற ஏற்பாடு எந்த மாதிரி வீட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பது இங்கே வெளிச்சமாகத் தெரிகிறது. படித்த பெரியவர் ஒருவர், வேலையில்லாத ஒரு மணி நேரம், உட்கார ஓர் இடம், பள்ளி பேசும் அதே மொழி. இந்த நான்கும் உள்ள வீட்டுக்காகத் தைத்த சட்டை இது. நான்கும் ஒருசேர அமைந்த வீடுகள் இந்த மாவட்டத்தில் அதிகம் இல்லை.

மாலை நேரத்தையே எடுத்துக்கொள்வோம். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் தக்காளி பறிப்பு, நல்லம்பள்ளி பக்கம் சாமந்தி, பல ஊர்களில் பட்டுப்புழு. புழு கூடு கட்டுவதற்கு முந்தைய நாட்களில் நேரம் பார்க்காமல் தழை போட வேண்டும். வீட்டில் எல்லாக் கைகளும் அங்கேதான் இருக்கும். ஆடு ஓட்டி வருவதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் பிள்ளைகளின் பங்கு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமே பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதை அனுமதிக்கிறது. ஒரு சட்டம் வேலைக்குக் கொடுத்த அந்த நேரத்தை இன்னோர் ஏற்பாடு எழுத்துக்குக் கேட்கிறது.

மொழியும் அப்படியே. மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகப் பேசும் குடும்பங்கள் ஏராளம். சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் மலையாளிப் பழங்குடியினரின் பேச்சு ஒரு வகை; அங்கேயே லம்பாடிக் குடும்பங்களும் உண்டு. பாடநூல் தமிழே அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு படி தள்ளியிருக்க, மெட்ரிக் பள்ளி வேனில் ஏறிப்போகும் பிள்ளைக்கு ஆங்கிலம் இன்னொரு படி. வீட்டில் யாருக்கும் தெரியாத மொழியில் நோட்டு வருகிறது. ‘பாடம் எழுதினாயா’ என்று கேட்பவருக்கு எழுதியது சரியா தப்பா என்று சொல்ல வழியில்லை.

வீட்டில் படிப்பு என்ற பேச்சு தர்மபுரிக்குப் புதிதில்லை. பாரமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் கீழ் வரி நிர்வாகம் பார்த்தவர் தாமஸ் மன்றோ. தர்மபுரியில்தான் அவர் குடியிருந்தார். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது, 1822-இல், மாகாணம் முழுதும் உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று 1826-இல் தொகை வந்தது. அந்தக் கணக்கில் ஒரு வியப்பான வரி உண்டு. சென்னை நகரில் பள்ளிக்குப் போனவர்கள் 5,523 பேர். வீட்டிலேயே கற்றவர்கள் 26,903 பேர். இரண்டாவது எண்ணை மன்றோவே முழுதாக நம்பவில்லை. எண் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஒன்று புலப்படுகிறது: வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் வசதி சில வகுப்பாருக்கு அன்றைக்கே இருந்தது. பெரும்பான்மையோருக்கு வீடும் இல்லை, பள்ளியும் இல்லை.

திண்ணைப் பள்ளியில் வீட்டுப்பாடம் இருந்ததா? உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் தம் பள்ளி நாட்களை விவரிக்கும் இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவாராம். பிள்ளை அதை மறக்காமல் வைத்திருந்து மறுநாள் சொல்ல வேண்டும். ஏடு வேண்டாம், விளக்கு வேண்டாம், படித்த அப்பா வேண்டாம். மாட்டை ஓட்டிக்கொண்டே அதைச் செய்துவிடலாம். திண்ணைப் பள்ளியின் பிரம்பையும் கோதண்டத் தண்டனையையும் யாரும் திரும்ப விரும்பப் போவதில்லை. யார் யாரை அந்தத் திண்ணை ஏற்றவில்லை என்பதையும் மறப்பதற்கில்லை. ஆனால் இந்த ஒரு வழக்கம் இன்றைய எந்த அச்சிட்ட பணித்தாளைவிடவும் வீட்டின் நிலைமையை அறிந்து செய்யப்பட்டதாகத் தோன்றுகிறது.

குமாஸ்தா வேலைக்கும் பொதுத்தேர்வுக்கும் ஆள் தயாரிக்கும் பள்ளிகள் பெருகிய பிறகு, எழுதிக் குவிப்பதே படிப்பு என்றாயிற்று. அதற்கு எதிரான குரல்களில் முக்கியமான ஒன்று சென்னைப் புரசைவாக்கத்தில் பிறந்தவருடையது. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ஆர்.கே. நாராயண் 1989-இல் தம் முதல் உரையில் அரசியலைத் தொடவே இல்லை. பிள்ளைகளின் புத்தகப் பையைப் பற்றி மட்டும் பேசினார். அந்த விவாதத்தின் தொடர்ச்சியாக 1992-இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்தது. 1993-இல் அறிக்கை வந்தது. பையின் எடையைப் பற்றிக் கேட்டதற்கு அந்தக் குழு வேறொரு பதிலைச் சொன்னது. தோளில் இருக்கும் சுமையைவிடக் கொடியது, புரியாமல் படிக்கிற சுமை என்றது. தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டையும் சுற்றுப்புறத்தையும் பிள்ளை கவனித்துப் பார்ப்பதைத் தவிர வேறு எதையும் கொடுக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் சில நல்ல காரியங்கள் நடந்தன. 2012-13-இல் முப்பருவ முறை வந்து, ஆண்டு முழுவதுக்குமான புத்தகம் மூன்றாகப் பிரிந்தது. 2018 மே 29-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் பிறப்பித்த உத்தரவு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது: ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு இதையே வலியுறுத்தி எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 2020-இல் வந்த பள்ளிப் பைக் கொள்கை கணக்கை இன்னும் தெளிவாக வகுத்தது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கே அதிகபட்சம் இரண்டு மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரம். ஒன்பதுக்கு மேல் நாளுக்கு இரண்டு மணி நேரம்.

நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால், நாளுக்கு இருபது நிமிடம்கூட முழுதாக வராது. தர்மபுரி நகரிலோ அரூரிலோ ஒரு தனியார் பள்ளி வேன் நிறுத்தத்தில் நின்று, இந்த எண்ணைப் பெற்றோரிடம் சொல்லிப் பார்த்தால் நம்ப மாட்டார்கள். பலருடைய வீட்டில் அது ஒரு நாள் அளவு. சின்னப் பிள்ளைகள் எப்படி மாலையைக் கழித்தார்கள், என்ன விளையாடினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று வகுப்பில் பேச வைக்கலாம் என்றும் அந்தக் கொள்கை சொல்கிறது. களி கிண்டியது யார், கேழ்வரகு எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை சொல்வதற்குப் பாட்டியே போதும். வீட்டுப்பாடத்தில் முதல் முறையாகப் பாட்டிக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. கொள்கை இப்படி இருக்க, நோட்டில் வருவது ‘இந்தச் சொற்களைப் பத்து முறை எழுதுக’.

பழியை ஆசிரியர்மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. வீட்டுப்பாடம் குறைந்தால் முதலில் பள்ளிக்கு வந்து கேட்பவர்கள் பெற்றோர். “அந்த ஸ்கூல்ல எவ்ளோ எழுத வெக்கறாங்க, இங்க ஒண்ணுமே இல்லயே சார்” என்று கேட்கும் அப்பாவின் மனநிலை புரிந்துகொள்ளக் கூடியதே. வட்டிக்கு வாங்கிக் கட்டிய கட்டணத்துக்கு அவர் கையில் காட்ட இருக்கும் ஒரே சரக்கு, நிரம்பிய நோட்டு. வகுப்பில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லாதபோது, பக்கங்களை எண்ணுகிறார். பள்ளியும் அவருக்காகவே பக்கங்களை நிரப்புகிறது. இடையில் மாட்டிக்கொள்வது எட்டு வயது விரல்கள்.

சரி, அத்தனை பக்கம் எழுதினால் படிப்பு வருகிறதா? இதை உலகம் முழுக்க நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1987 முதல் 2003 வரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட முடிவு இன்றும் மேற்கோளாகிறது. ஏழாம் வகுப்பு முதல் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தெளிவான தொடர்பு தெரிகிறது. தொடக்க வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிக மெலிந்து போகிறது. கூப்பர் வீட்டுப்பாடத்துக்கு எதிரியில்லை. வகுப்புக்குப் பத்து நிமிடம் என்ற வழக்கத்தை ஆதரிப்பவர். மூன்றாம் வகுப்புக்கு முப்பது நிமிடம், ஆறாம் வகுப்புக்கு ஒரு மணி நேரம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஒப்பீட்டில் 15 வயது மாணவர்கள் ஷாங்காயில் வாரத்துக்கு 13.8 மணி நேரம் வீட்டுப்பாடம் செய்தார்கள். ஃபின்லாந்திலும் தென் கொரியாவிலும் மூன்று மணி நேரம்கூட இல்லை. மூன்று இடங்களுமே உலகத் தரவரிசையில் உயரத்தில் இருந்தவை. அதே அறிக்கை சொன்ன இன்னொரு செய்திதான் நமக்கு முக்கியம்: வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் வீட்டுப்பாடம் செய்கிறார்கள், அதனால் இடைவெளி குறைவதற்குப் பதில் கூடக்கூடும்.

அரசுகள் இதில் முன்னும் பின்னும் போயிருக்கின்றன. கலிஃபோர்னியா 1901-இலேயே 15 வயதுக்குக் கீழுள்ளோருக்கு வீட்டுப்பாடத்தைத் தடை செய்து, 1917-இல் தடையை நீக்கியது. பிரான்ஸ் 1956-இல் தொடக்கப் பள்ளிகளில் எழுத்து வீட்டுப்பாடத்தை நிறுத்தச் சொன்னது. அங்கேயும் அது முழுதாக நிற்கவில்லை. சீனா 2021-இல் முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வேலை கூடாது என்றது. எங்கேயும் உத்தரவு மட்டும் போதவில்லை.

பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வுகள் இரண்டைச் சொல்ல வேண்டும். எரிக்கா பட்டால், கூப்பர் உள்ளிட்டோர் 2008-இல் பெற்றோர் பங்கேற்பைப் பற்றித் தொகுத்த ஆய்வில், எப்போது, எங்கே உட்கார்ந்து எழுத வேண்டும் என்று வீட்டில் ஓர் ஒழுங்கு வைப்பதே பிள்ளையின் தேர்ச்சியோடு அதிகம் ஒட்டிப்போனது. அருகிலேயே நின்று கண்காணிப்பதில் அந்த அளவு பயன் தெரியவில்லை. 2015-இல் எரின் மலோனி குழுவினர் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி கணக்கு வீட்டுப்பாடத்தில் உதவினால், பிள்ளை அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகக் கற்றது. பிள்ளையின் பயமும் கூடியது. அதே பயம் உள்ளவர்கள் அவ்வளவாக உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்பு தென்படவில்லை.

‘எனக்குப் படிப்புத் தெரியாது, என் பிள்ளைக்கு என்னால் என்ன செய்ய முடியும்’ என்று குற்றவுணர்வோடு கேட்கும் தர்மபுரித் தாய்க்கு இந்த இரண்டும் பெரிய ஆறுதல். அவர் ஆசிரியராக வேண்டியதில்லை. நேரத்தைப் பிடித்து வைப்பதும் இடம் ஒதுக்குவதும் தொலைக்காட்சியை நிறுத்துவதும் எழுத்தறிவு கேட்காத வேலைகள். படித்த அம்மாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்துக்கும் திருத்தம் சொல்லிச் செய்யும் கெடுதலை, படிக்காத அம்மா செய்வதே இல்லை.

பிள்ளை ஏன் மறுக்கிறது என்பதுதான் மையமான கேள்வி. ‘சோம்பேறி’, ‘அடம்’, ‘திமிரு’ என்று வீடுகள் பெயர் வைக்கின்றன. பெரும்பாலும் உண்மை வேறு: அந்தப் பிள்ளையால் அதைப் படிக்க முடியவில்லை.

இது ஊகமில்லை. ஊரகப் பிள்ளைகளிடம் வீடுவீடாகச் சென்று எடுக்கும் ‘அசர்’ கணக்கெடுப்பின் 2022 அறிக்கையில், தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாகப் படித்தவர்கள் 4.8 சதவீதம். 2018-இல் அது 10.2. இடையில் நடந்தது தெரிந்ததே. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே பார்க்காமல் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்கள் இப்போது மேல் வகுப்புகளில் இருக்கிறார்கள். ‘பாடப் பகுதியைப் படித்து வினாக்களுக்கு விடை எழுதுக’ என்பது அவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் இல்லை. தங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது வீட்டில் அம்பலமாகும் நேரம். எந்தப் பிள்ளையும் அந்த அவமானத்தைத் தள்ளிப்போடத்தான் பார்க்கும். வயிற்றுவலி வரும், பேனா தொலையும், ‘இன்னிக்கு ஹோம்வொர்க்கே இல்ல’ என்ற பொய் வரும். கைடைப் பார்த்து எழுதிவிட்டால் எல்லோரும் திருப்தி. எழுதிய பிள்ளைக்குத் தான் எழுதியது என்னவென்று தெரியாது.

உடம்பிலும் காரணம் இருக்கலாம். கரும்பலகை தெரியாத பிள்ளை வீட்டுப்பாடத்தைக் குறித்துக்கொள்ளவே முடியாது. அரசுப் பள்ளிகளில் கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கிறார்கள். கொடுத்த கண்ணாடியைக் கேலிக்குப் பயந்து பையிலேயே வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. இன்னும் சிலருக்கு டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு. பேச்சில் சூட்டிகை, கணக்கை மனத்திலேயே போட்டுவிடும், நோட்டில் மட்டும் எழுத்துகள் தலைகீழாகும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1991-இலிருந்து இதற்காக உழைக்கிறது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைக் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்துச் சலுகைகளுக்கு வழி செய்திருக்கிறது. மலைக் கிராமம் வரை இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அங்கே அந்தப் பிள்ளைக்கு இன்னமும் ‘மக்கு’ என்றே பெயர். ஒவ்வொரு நாளும் எழுதுவதில் மட்டும் போராடி, மற்ற எல்லாவற்றிலும் நன்றாக இருக்கும் பிள்ளையை அதட்டுவதற்கு முன், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்ட வேண்டும்.

களைப்பு, பசி, கைபேசி ஆகியவையும் உண்டு. கைபேசியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஒன்று மட்டும்: பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வரத் தொடங்கி, பல பள்ளிகளில் அது அப்படியே தங்கிவிட்டது. பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்தது பள்ளியும்தான்.

‘அடியாத மாடு பணியாது’ என்று ஊரில் ஒரு சொலவடை. பள்ளியில் அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. வீட்டுக்கு அந்தச் சட்டம் வராது. ஆனால் படிக்கத் தெரியாததால் மறுக்கும் பிள்ளையை அடித்தால் படிக்கத் தெரிந்துவிடாது என்பதற்குச் சட்டம் தேவையில்லை. அடி விழும் வீட்டில் பிள்ளை கற்றுக்கொள்வது, நோட்டை இன்னும் திறமையாக ஒளித்து வைப்பதை.

பணம் உள்ளவர்கள் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். சண்டை வீட்டைவிட்டு வெளியே போய்விடுகிறது, வீட்டுக்கு நிம்மதி. அந்த நிம்மதியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நிறைய டியூஷன் மையங்களில் நடப்பது வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்புவதுதான். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்பு வாசிப்பு வரவில்லை என்றால், அதைச் சரிசெய்ய அங்கே யாருக்கும் நேரமில்லை.

நல்ல மாற்று வழிகளைத் தமிழ்நாடே முயன்று பார்த்திருக்கிறது. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்து, எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலம் முழுதும் பரவியது. பாயில் உட்கார்ந்து, தன் படிநிலைக்கான அட்டையைத் தானே எடுத்து, கீழ்மட்டக் கரும்பலகையில் எழுதிப் பழகியது பிள்ளை. எல்லோருக்கும் ஒரே பாடம் என்பது இல்லாதபோது, எல்லோருக்கும் ஒரே வீட்டுப்பாடம் என்பதும் இல்லாமல் போனது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்த்தது. அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளைக்கு மலர் நிலை வேலையைக் கொடுத்தால் அது மறுக்கத்தான் செய்யும். வகுப்பில் ஒப்புக்கொண்ட இந்த உண்மையை வீட்டுக்கு அனுப்பும் வேலையிலும் ஒப்புக்கொண்டால் பாதிப் போராட்டம் தீரும்.

2021 அக்டோபர் 27-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி இன்னொரு வழியைக் காட்டியது. மாலை ஐந்திலிருந்து ஏழு வரை, ஏறத்தாழ இருபது பிள்ளைகள், ஊரிலேயே படித்த ஒரு தன்னார்வலர், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. பெரும்பாலும் இளம் பெண்கள். கோயில் மேடையிலும் வீட்டு வாசலிலும் நடந்த அந்த இரண்டு மணி நேரத்தில் கதையும் பாட்டும் விளையாட்டும் இருந்தன. படித்தவர் இல்லாத வீட்டுக்குத் தெருவே படித்தவரைக் கொடுத்தது. தொற்றுக்காலம் கழிந்தபின் மையங்கள் குறைந்துபோனது வருத்தத்துக்குரியது. தர்மபுரி போன்ற மாவட்டத்தில் அதன் தேவை தொற்றோடு வந்ததும் இல்லை, தொற்றோடு போனதும் இல்லை.

இதை அரசுக்கு வெகு காலம் முன்பே செய்து பார்த்த இடம் இதே மாவட்டத்தில் உண்டு. அரூருக்கு அப்பால், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி. மருத்துவத் தம்பதியர் ரெஜியும் லலிதாவும் 1993-இல் தொடங்கிய பழங்குடியினர் நலவாழ்வு முயற்சியால் பெயர் பெற்ற ஊர். அங்கே 2000-களின் முதற்பாதியில் ‘துளிர்’ என்ற கற்றல் மையம் தொடங்கியது. பள்ளி விட்டு வரும் கிராமத்துப் பிள்ளைகள் மாலையில் கூடும் இடமாக அது இருந்தது. புத்தகங்கள், புதிர்கள், கைவேலை, விளையாட்டு. பள்ளியில் எழுதத் தடுமாறிய பிள்ளைக்கு அங்கே மண்ணும் மரமும் கையில் கிடைத்தன. தனக்கு ஒன்று வரும் என்று தெரிந்துகொண்ட பிறகு எழுத்தின் பக்கமும் திரும்ப முடிந்தது. உள்ளூர் இளைஞர்களே அங்கே ஆசிரியர்களாக வளர்ந்தார்கள். பிறகு அதிலிருந்து ஒரு சிறு பள்ளியும் உருவானது.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால், இன்று மாலை நோட்டோடு மல்லுக்கட்டும் ஒரு வீடு செய்யக்கூடியது என்ன? முதலில், எழுதச் சொல்லும் முன் ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டும். கேட்பவருக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. தடுமாற்றம் காதில் விழும். தடுமாறினால் அன்றைக்குப் பிரச்சினை வீட்டுப்பாடத்தில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. அப்போது அந்தப் பிள்ளைக்குத் தேவை கீழ் வகுப்புக் கதைப்புத்தகமும் தினம் கால் மணி நேரமும். வந்ததும் சாப்பாடு, பிறகு விளையாட்டு, பிறகு படிப்பு என்று நேரம் ஒரே மாதிரி இருந்தால் தினம் ஒரு பேரம் நடக்காது. நாலாம் வகுப்புப் பிள்ளை அரை மணி நேரம் உண்மையாக முயன்றும் முடியவில்லை என்றால், நோட்டை மூடிவிட்டு, ‘இவ்வளவுதான் முடிந்தது’ என்று டைரியில் எழுதியோ, வேன் நிறுத்தத்தில் மிஸ்ஸிடம் வாயால் சொல்லியோ அனுப்பலாம். பிள்ளைக்குப் பதிலாகப் பெரியவர் எழுதிக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. பிள்ளைக்குத் தெரியாதது எது என்ற ஒரே தகவலும் அதனால் ஆசிரியரை அடையாமல் போகிறது.

ஆறாம் வகுப்புக்கு மேல் சிக்கல் வேறு. ஐந்து பாடத்துக்கு ஐந்து ஆசிரியர். ஒவ்வொருவரும் கொடுப்பது அரை மணி நேர வேலைதான், பிள்ளைக்கு அது இரண்டரை மணி நேரமாகிறது. மற்றவர் என்ன கொடுத்தார் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. திங்களன்று கணக்கு, செவ்வாயன்று ஆங்கிலம் என்று ஒரு வீட்டுப்பாட அட்டவணையை ஆசிரியர் அறையில் ஒட்டினால் செலவில்லாமல் தீரும் சிக்கல் இது. தலைமையாசிரியர் ஒருவர் நினைத்தால் ஒரு வாரத்தில் நடக்கும். அவராக நினைக்காவிட்டால் கேட்பதற்கு இடம் இருக்கிறது: அரசுப் பள்ளிகள் அனைத்திலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றி அங்கே தீர்மானங்கள் போடுகிறார்கள். 2020 கொள்கையின் மணிக்கணக்கை எடுத்து வைத்து, வீட்டுப்பாடத்தைப் பற்றியும் ஒரு தீர்மானம் போடலாம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினரில் பாதி பேர் பெண்கள்.